மனைவி நடந்தார்... கணவர் காத்திருந்தார்!

கடைவீதிக்கு நடந்து போய் வந்தாலே நம்மில் பலருக்கு, "அப்பாடா, கால் கடுக்குதே!" என்று உட்காரத் தோன்றும். காடும் மலையுமாகக் கிடக்கும் சுமார் 3,500 கிலோமீட்டர் பாதையை ஒரு பெண் 46 நாட்களில் கால்நடையாகவே கடந்தார் என்றால் மலைப்பாக இல்லை? அந்தப் பெண்மணி அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஃபார் டேவிஸ்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்பலாச்சியன் மலைகளின் மேல் ஒரு நடைபாதை போகிறது. வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை முதல் தெற்கே ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலை வரை, 14 மாநிலங்கள் வழியாக! முழுவதும் நடப்பவர்கள் பொதுவாக ஐந்தாறு மாதம் எடுத்துக்கொள்வார்கள்.

ஜெனிஃபர் முதலில் 2005-ல், 21 வயதில், தன்னந்தனியாக இதை நடந்தார். 2008-ல் திருமணம். அந்தக் கோடையிலேயே, கணவர் ப்ரூ துணையிருக்க, 57 நாட்களில் மறுபடி நடந்து முடித்தார். 2011 ஜூன் 15-ம் தேதி மூன்றாவது முறையாகப் புறப்பட்டபோது அவருக்கு 28 வயது. ஆண், பெண் எல்லாரையும்விடக் குறைந்த நாட்களில் முடிக்க வேண்டும் என்பது இம்முறை ஆசை.

இப்படித் துணையோடு நடப்பதில் ஒரு விதி உண்டு. பாதையின் ஒவ்வோர் அடியையும் நடப்பவர்தான் எடுத்து வைக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், மாற்றுத் துணி, கூடாரம் இவற்றை மற்றவர்கள் கொண்டுவந்து தரலாம்.

ப்ரூ அப்போது பள்ளி ஆசிரியராக இருந்தார். மலைப்பாதை எங்கெல்லாம் சாலையைக் கடக்கிறதோ, அங்கெல்லாம் காரோடு போய்க் காத்திருந்தார். நடப்பவருக்குக் குறுக்கு வழி. கார்க்காரருக்கோ மலையைச் சுற்றிக்கொண்டு போகிற வழி! நேரம் தப்பினால் மனைவி பட்டினி. சில இடங்களில் அனுபவமுள்ள நண்பர்களும் கை கொடுத்தார்கள்.

ஆரம்ப நாட்களிலேயே சோதனை. கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பு ஓரமாகக் கடுமையான வலி. நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் பனிக்கட்டி கலந்த மழை, விறைக்கும் குளிர். போதாக்குறைக்கு வயிற்றுப்போக்கு. துவண்டுபோய்க் கணவரிடம் வந்தவர், இனி முடியாது, விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"சரி, வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்பதும் அன்புதான். "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படிச் சொல்றியே" என்று கடிந்துகொள்கிறவர்களும் உண்டு. ப்ரூ இரண்டையும் செய்யவில்லை. விட நினைத்தால் தாராளமாக விடலாம், ஆனால் உடம்பு இப்படிக் கிடக்கும் நேரத்தில் அந்த முடிவு வேண்டாம். முதலில் சாப்பிடு, மருந்தை எடுத்துக்கொள், பிறகு பார்க்கலாம் என்றார். ஜெனிஃபர் தேறி எழுந்து நடந்தார்.

ஜூலை 31-ம் தேதி ஸ்பிரிங்கர் மலையை அடைந்தபோது ஆகியிருந்தது 46 நாள், 11 மணி, 20 நிமிடம். நாளொன்றுக்குச் சராசரி 75 கிலோமீட்டர்! 2005-ல் ஓர் ஆண் செய்திருந்த சாதனையை ஒரு நாளுக்கும் மேலாக முந்திவிட்டார். 2015-ல் ஸ்காட் ஜூரெக் என்ற ஓட்டக்காரர் இதைச் சுமார் மூன்று மணி நேரத்தில் முந்தினார். அவருக்கு வேன் ஓட்டித் துணை வந்தவர் யார் தெரியுமா? அவர் மனைவி ஜென்னி!

நமக்கு மலையேற்றம் வேண்டாம். கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்க விழித்திருக்கும் தாய்க்கும் அது நெடுந்தூரப் பயணம்தானே! "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதோடு நிற்காமல், சொன்ன நேரத்துக்குச் சாப்பாட்டோடு வந்து நின்று, "குழந்தையை நான் பார்த்துக்கறேன், நீ கொஞ்சம் தூங்கு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். "என்னால முடியாது" என்று அவள் அழுதால், முதலில் சாப்பாடும் தூக்கமும். முடிவெல்லாம் அப்புறம். சோர்வு விலகாமல் நீடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போவதும் துணை நிற்பவரின் வேலைதான்.

இதை உங்கள் வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்களேன்!