ஜன்னலோரம் ஒரு தட்டு இட்லி



இயந்திரவியல் படிக்கிறவன் மலரில் இட்லியைப் பற்றி எழுதுறானே என்று சிரிக்காதீங்க. சாப்பாட்டை எப்படிப் படம் பிடிப்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதுவும் ஸ்டுடியோ விளக்கோ விலையுயர்ந்த கேமராவோ இல்லாமல், கையில் இருக்கிற செல்போனையும் வீட்டில் இருக்கிற ஜன்னலையும் வைத்து! இதை நான் ஆசைக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு அவமானம்தான் கற்றுக்கொடுத்தது.

அம்மாவின் கடையும் பிளக்ஸ் போர்டும்

கிரிவலப் பாதை ஓரத்தில் அம்மா சின்னதாக ஒரு இட்லிக் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் கடைக்கு ஒரு பிளக்ஸ் போர்டு அடித்தோம். "படம் கொடுங்க" என்று கடையில் கேட்டார்கள். நான் ராத்திரி கடையிலேயே ட்யூப்லைட் வெளிச்சத்தில், பிளாஷ் போட்டு எடுத்த படத்தைக் காட்டினேன். சாம்பார் சேறு மாதிரி இருந்தது. இட்லி சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. "இது வேணாம் தம்பி, நாங்களே நல்ல படமா போட்டுக்கிறோம்" என்று சொல்லி, எங்கிருந்தோ எடுத்த படத்தைப் போட்டுவிட்டார்கள். பந்து மாதிரி இட்லி, மூன்று நிறத்தில் சட்னி, பக்கத்தில் நெய் வழியும் பொடி. எங்கள் கடையில் ஒரே சட்னி, ஒரே சாம்பார்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்து உட்கார்ந்தது. தட்டைப் பார்த்தார்கள், போர்டைப் பார்த்தார்கள். "படத்துல மூணு சட்னி இருக்கே, எங்கம்மா?" என்று கேட்டார் அந்தப் பெரியவர். சண்டைக்குக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா பதில் சொல்லத் தெரியாமல் நின்றார். அன்றைக்கு ராத்திரி என்னிடம், "நீ படிக்கிறவன்தானே, நம்ம இட்லிய நீயே எடுக்கக் கூடாதா?" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான்தான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதைதான் இந்தக் கட்டுரை.

பிளாஷ் ஏன் ஏமாற்றுகிறது?

நம் கண் ஒரு பொருளின் உருண்டையை எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், நடுவில் மெல்ல மெல்லக் குறைகிற சாயல். இந்த மூன்றும் இருந்தால்தான் இட்லி உருண்டை என்று தெரியும். செல்போனில் பிளாஷும் லென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெளிச்சம் போகிற திசையிலேயே கேமராவும் பார்ப்பதால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இட்லி வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய வட்டமாகிவிடுகிறது. பிளாஷ் புள்ளி மாதிரி சிறியது என்பதால் சாம்பாரில் மிதக்கும் எண்ணெயெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும்.

ஜன்னல் அப்படி அல்ல. அது பெரியது, பக்கவாட்டில் இருந்து வருவது. ஒளி தரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாக இருக்கும், இதுதான் அடிப்படை விதி. புகைப்படக் கலையே ஜன்னலோரம் பிறந்ததுதான்! பிரான்ஸ் நாட்டு நியெப்ஸ் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடி ஜன்னலில் இருந்து எடுத்ததுதான் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கேமராப் புகைப்படம். இங்கிலாந்தின் டால்பட் 1835-இல் தன் வீட்டு ஜன்னலையே படமாக எடுத்தார். இன்று இருப்பவற்றுள் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். அதே டால்பட் 1840-களில் கூடையில் பழங்களை அடுக்கி வைத்தும் படம் எடுத்தார். ஆக, சாப்பாட்டுப் படத்துக்கும் வயசு குறைவில்லை.

நம் ஊருக்கு எந்த ஜன்னல்?

வெளிநாட்டுப் புத்தகங்களில் "வடக்கு ஜன்னலே சிறந்தது" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும். வடக்கு ஜன்னலுக்குள் வெயில் வருவது அபூர்வம், வானத்தின் ஒளிதான் வரும். திருவண்ணாமலை ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பத் தெற்கே வருகிறது. அதனால் மே, ஜூன், ஜூலையில் நம் வடக்கு ஜன்னலிலும் காலை, மாலை சாய்வாக வெயில் அடிக்கும். மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல் நல்ல தோழன்.

கிழக்கு ஜன்னல் என்றால் முற்பகல் பதினொரு மணிக்கு மேல். மேற்கு ஜன்னல் என்றால் காலை நேரம். சுருக்கமாகச் சொன்னால், ஜன்னலில் வானம் தெரிய வேண்டும், ஆனால் வெயில் உள்ளே விழக் கூடாது.

நம் ஊருக்கு மட்டும் ஒரு தனி வசதி உண்டு. ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. பேகோபுரம் பக்கம் மலை அடிவாரத்தில் வீடு இருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். சூரியன் அஸ்தமிப்பதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். வெயில் போய்விட்டாலும் வானம் வெளிச்சமாகவே இருக்கும். அந்த நேரத்தில் வாசல் திண்ணையில் தட்டை வைத்தாலே போதும், அருமையான மென்மையான ஒளி. ஆனால் படம் கொஞ்சம் நீலமாக விழும். செல்போனில் ஒயிட் பேலன்ஸை "நிழல்" அல்லது "மேகம்" என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஜன்னலோரம் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பின் நிறம் வேறு, ஜன்னல் ஒளியின் நிறம் வேறு. இரண்டும் கலந்தால் இட்லியின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். எந்தக் கேமராவாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது.

வேட்டியும் தெர்மாகோலும்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல், கிழக்குப் பார்த்தது. காலை ஏழரைக்கு முதல் படம் எடுத்தேன். வெயில் நேராக அடித்து, ஜன்னல் கம்பி நிழல் இட்லி மேல் ஜெயில் கம்பி மாதிரி விழுந்தது! அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டினேன். கம்பி நிழல் மறைந்தது. வெயில் வேட்டியில் பட்டுச் சிதறியதால், வேட்டி முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறிவிட்டது. கரை உள்ள பக்கத்தை மட்டும் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். கலர் லுங்கி, கலர் துப்பட்டா கட்டினால் இட்லியும் அந்தக் கலராகிவிடும்.

அடுத்து நிழல் பக்கம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருட்டு அதிகமாக இருந்தால், தட்டுக்கு ஒரு அடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழலை மட்டும் கொஞ்சம் தெளிய வைக்கும். அட்டையை நகர்த்த நகர்த்த நிழல் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிழலை முழுவதும் அழித்துவிடாதீர்கள், அப்புறம் பிளாஷ் போட்ட கதைதான்.

இது ஏதோ ஏழைப் பிள்ளை கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். சத்யஜித் ரேயின் "அபராஜிதோ" படம் 1956-இல் வந்தது. காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். முற்றத்தில் மேலே இருந்து வானத்து ஒளி விழுவது போல் இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன் மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படம் எடுத்தார். உலகமே வியந்த அந்த ஒளிக்கு அடிப்படை ஒரு வெள்ளைத் துணி!

தூரமும் திசையும்

முதலாண்டு இயற்பியலில் படித்தோமே, தூரம் இரண்டு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்று. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் சூத்திரம். இங்கேதான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கணக்கு புள்ளி போன்ற விளக்குக்குத்தான் அப்படியே பொருந்தும். ஜன்னல் பெரியது என்பதால் பக்கத்தில் அவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனாலும் தட்டை ஜன்னலோடு ஒட்டி வைத்தால் முன் இட்லி வெளுத்து, பின் இட்லி இருண்டுவிடும். இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் தட்டு முழுக்கச் சீராக இருக்கும்.

திசைக்கு ஒரு எளிய வழி. தட்டைக் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்பது ஆறு மணிப் பக்கம்.

1. ஜன்னல் ஒன்பது மணியில் இருந்தால் பக்க ஒளி. இட்லி, பணியாரம், தோசையின் மொறுமொறுப்பு நன்றாகத் தெரியும்.

2. பத்து, பதினொரு மணியில் இருந்தால் சாய்வான பின்னொளி. சாம்பார், குழம்பு, கேசரி போன்றவற்றின் பளபளப்பு உயிரோடு தெரியும்.

3. ஆவி வேண்டுமா? ஜன்னல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும். ஆவிக்குப் பின்னால் இருட்டாக ஏதாவது இருக்க வேண்டும், கறுப்புக் குடை போதும். வெள்ளைச் சுவர் முன்னால் ஆவி தெரியவே தெரியாது.

4. ஜன்னல் ஆறு மணியில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் தட்டையாகிவிடும். உங்கள் நிழலும் தட்டில் விழும்.

கேமராவை வைக்கும் உயரமும் முக்கியம். தோசை, இலைச் சாப்பாடு என்றால் நேர் மேலே இருந்து எடுங்கள். அடுக்கிய இட்லி, வடை என்றால் நாம் சாப்பிட உட்கார்ந்தால் எப்படித் தெரியுமோ அந்தச் சாய்வு. டபரா டம்ளர் காபி என்றால் டம்ளர் மட்டத்துக்கே குனிய வேண்டும்.

எவர்சில்வர் தட்டு ஒரு கண்ணாடி மாதிரி. ஜன்னலும், செல்போனும், எடுப்பவர் முகமும் அதில் தெரியும். வாழை இலையில் வைத்தால் இன்னொரு வேடிக்கை. இலையின் பச்சை இட்லியின் அடிப்பக்கத்தில் எதிரொளித்து இட்லியே பச்சையாகத் தெரியும். இலையைச் சின்னதாக நறுக்கி ஓரத்தில் மட்டும் வைத்தேன், சரியானது.

இட்லி ஏன் சாம்பல் நிறமானது?

என்னை இரண்டு நாள் அலைய வைத்தது இதுதான். ஒளி எல்லாம் சரி, ஆனால் இட்லி அழுக்காகத் தெரிந்தது. காரணம், கேமராவுக்கு இட்லி தெரியாது! பார்க்கிற எதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் அது வெளிச்சத்தைக் கணக்கிடும். வெள்ளை இட்லியை வெள்ளைத் தட்டில் வைத்தால் "ரொம்ப வெளிச்சம்" என்று குறைத்துவிடும். அதனால் திரையில் இட்லி மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். கறுப்பு எள்ளுருண்டை, காரக்குழம்பு என்றால் நேர் எதிராகக் கீழே இறக்குங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள். அடுப்படியில் இருக்கிற போனில் எண்ணெய்ப் படலம் கட்டாயம் இருக்கும். செல்போனைத் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டு எடுக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கை நடுங்கினால் நம் பாடப் புத்தகங்களை அடுக்கி அதில் போனைச் சாய்த்து வையுங்கள், அதற்கும் அவை உதவும்! முதலில் ஆறிய இட்லியை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, கடைசியில் சூடான இட்லியை மாற்றுங்கள். சூட்டு இட்லிக்குச் சில நிமிடம்தான் ஆயுசு. அதற்குப் பிறகு மேல்தோல் காய்ந்துவிடும்.

அழகா, உண்மையா?

விளம்பரப் படங்களில் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை ஊற்றுவது போன்ற தந்திரங்கள் உண்டு. அமெரிக்காவில் காம்ப்பெல் என்ற பெரிய சூப் கம்பெனியின் விளம்பரத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறிகளை மேலே தூக்கிக் காட்டினார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணையம் அதைத் தட்டிக்கேட்டு 1970-இல் நிறுத்த வைத்தது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைக் குற்றமாகப் பார்க்கிறது.

ஆனால் எனக்குச் சட்டத்தை விட, "எங்கம்மா மூணாவது சட்னி?" என்ற அந்தக் கேள்விதான் பெரிது. நல்ல ஒளி என்பது இல்லாததைச் சேர்ப்பதற்கு அல்ல. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஒருவர் செய்த வேலை, இருக்கிறபடியே தெரிவதற்கு. அம்மாவின் இட்லி முதல் நாளில் இருந்தே நன்றாகத்தான் இருந்தது. என் படத்தில்தான் அது தெரியவில்லை.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஆறாவது வாரம் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னாடா, ஒரு இட்லி ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருக்கு?" என்றார். "அது நம்ம தட்டுல எடுத்ததுதானேம்மா" என்றேன். "ஆமா, நம்ம இட்லிதான்" என்றார்.

இப்போது கடையில் அந்தப் படம்தான் தொங்குகிறது. ஒரே சட்னி, ஒரே சாம்பார், ஓரம் உடைந்த ஒரு இட்லி. வியாபாரம் இரண்டு மடங்கானது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போர்டையும் தட்டையும் மாறி மாறிப் பார்க்கிறவர்கள் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. சாப்பிடுகிறார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது முறுக்கு சுடலாம், அதிரசம் போடலாம், தள்ளுவண்டியில் சுண்டல் விற்கலாம். அடுத்த விடுமுறையில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து பாருங்கள். வேட்டி வீட்டிலேயே இருக்கும். தெர்மாகோல் இல்லையென்றால் நம் ஹாஸ்டலில் கேளுங்கள், போன வருஷ ஆண்டு விழா மேடையில் மிச்சமானது இன்னும் கிடக்கிறது!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை