வீடியோ கேசட்டை டி.வி.டி. ஆக்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்



1980களிலும் 1990களிலும் நம் வீடுகளில் நடந்த திருமணம், காதுகுத்து, கடைத் திறப்பு விழா, சங்க ஆண்டு விழா எல்லாம் வி.எச்.எஸ். வீடியோ கேசட்டில்தான் பதிவாயின. கடையைத் தொடங்கிய பெரியவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் நடந்ததையும் பேசியதையும் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கேசட்டை விட்டால் வேறு வழியில்லை. கேசட்டோ பீரோவின் மேல்தட்டில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டும் வி.சி.ஆர். கருவியும் அருகிவிட்டது. கடைசிவரை அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடுவதற்கு இல்லை.

நம் உறுப்பினர்களில் சிலர் வீடியோ கடையில் கொடுத்து டி.வி.டி. ஆக்குகிறார்கள். சிலர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு கணினியில் தாங்களே செய்கிறார்கள். இரண்டு வகையிலும் ஒரே புகார்தான் நம் காதுக்கு வருகிறது: "வாய் அசைகிறது, பேச்சு பிறகு வருகிறது", "படம் நடுங்குகிறது", "எங்கள் வீட்டில் ஓடுகிறது, மகள் வீட்டில் ஓடவில்லை." ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினாலும் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிற நாம், இந்தச் சரக்கை மட்டும் பார்க்காமல் வாங்கிவிடுகிறோம். எங்கே கோளாறு வருகிறது என்று தெரிந்துகொண்டால் திருத்துவதும் எளிது, ஏமாறாமல் இருப்பதும் எளிது.

மூன்று படிகள்

கேசட் டிஸ்க்காக மாறுவது மூன்று படிகளில் நடக்கிறது. முதல் படி பதிவிறக்கம்: வி.சி.ஆர். ஓட, அதிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் ஒரு சிறு கருவி கணினிக்குள் அனுப்புகிறது. இரண்டாவது படி மாற்றம்: அப்படி வந்த பெரிய கோப்பை டி.வி.டி.க்குரிய எம்பெக்-2 வடிவுக்குச் சுருக்குவது. மூன்றாவது படி, அதை டி.வி.டி. முறைப்படி அடுக்கி டிஸ்க்கில் எழுதுவது.

ஆலையிலிருந்து கடைக்கு வருவதற்குள் எடை குறைந்தால் நாம் என்ன செய்வோம்? ஆலையில் ஒருமுறை, கிடங்கில் ஒருமுறை, கடையில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம். இங்கும் அதே வழிதான். முதல் படியில் கிடைத்த கோப்பைக் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். அதிலேயே கோளாறு இருந்தால் பின்னால் என்ன செய்தும் பயனில்லை, பதிவிறக்கத்தைத்தான் மறுபடி செய்ய வேண்டும். அது நன்றாக இருந்து இரண்டாவது கோப்பு கெட்டிருந்தால் மாற்றத்தில் பிழை. இரண்டும் நன்றாக இருந்து டிஸ்க் மட்டும் ஓடவில்லையென்றால் எழுதியதில் பிழை. ஆகவே வேலை முடியும்வரை எந்தப் படியின் கோப்பையும் அழிக்கக் கூடாது.

அளவு தெரிந்திருக்க வேண்டும்

நம் நாட்டில் இருந்த தொலைக்காட்சி முறைக்குப் 'பால்' என்று பெயர். பால் என்றதும் பாக்கெட் பால் நினைவுக்கு வர வேண்டாம், இது வேறு. இதில் நொடிக்கு 25 படங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் இருந்த முறை 'என்.டி.எஸ்.சி.', அதில் நொடிக்கு 29.97 படங்கள். நம் முறை டி.வி.டி.யின் பட அளவு 720க்கு 576 புள்ளிகள். அவர்கள் முறைக்கு 720க்கு 480. ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகளாக, அதாவது 48 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். முன்பு ஓடிய வி.சி.டி.யில் படம் 352க்கு 288 புள்ளிகள்தான், ஒலி 44.1 கிலோ ஹெர்ட்ஸ். பரப்பளவில் டி.வி.டி. படம் வி.சி.டி.யைப் போல் நான்கு மடங்கு. இந்த இரண்டு அளவுகளையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் கோளாறுகள் பிறக்கின்றன.

பேச்சும் வாயசைவும் பொருந்தாமை

அதிகம் வரும் புகார் இதுதான். இதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று கண்டுபிடிக்க, தவில் அடிக்கும் காட்சி போல ஓசையும் அசைவும் ஒன்றாக வரும் இடங்களைத் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று தேர்ந்து பாருங்கள்.

முதல் வகை, மூன்று இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம். தொடக்கத்தில் அரை நொடி என்றால் கடைசியிலும் அரை நொடி. இது மிக எளிய கோளாறு. திருத்தும் மென்பொருளில் ஒலியை அந்த அளவு முன்னோ பின்னோ நகர்த்தினால் முடிந்தது.

இரண்டாம் வகை, தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகுவது. படம் ஒரு கருவி வழியாகவும் ஒலி கணினியின் ஒலிப் பலகை வழியாகவும் தனித்தனியே உள்ளே போயிருந்தால் இப்படி ஆகும். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம், இரண்டும் இம்மியளவு வேறுபடும். நொடிக்கு 29.97 படம் என்பதை 30 என்று கணக்கிட்டாலும் மணிக்கு 3.6 நொடி விலகிவிடும். இதைத் திருத்த, படத்தின் மொத்த நேரத்தையும் ஒலியின் மொத்த நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். படம் 59 நிமிடம் 58 நொடி, ஒலி 60 நிமிடம் என்றால் ஒலியை 59 நிமிடம் 58 நொடிக்குச் சுருக்க வேண்டும். அந்த இரண்டு நொடிச் சுருக்கம் காதுக்குத் தெரியாது. அடுத்த முறை படத்தையும் ஒலியையும் ஒரே கருவி வழியாக உள்ளே அனுப்பினால் இத்தொல்லை பெரும்பாலும் இராது.

மூன்றாம் வகை, சில இடங்களில் திடீர் திடீரென்று தாவி விலகுவது. பதிவிறக்கத்தின்போது கணினி சில படங்களைத் தவற விட்டிருக்கிறது என்று பொருள். ஒரு படம் போனால் நொடியில் 25இல் ஒரு பங்கு நேரம் போகும். 25 படம் போனால் ஒரு முழு நொடி. படம் குறைந்து ஒலி குறையாமல் இருப்பதால் படம் முந்தி, பேச்சு பிந்தும். நாடா சுருங்கிய இடத்திலும், கணினி வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும், சேமிக்கும் வட்டு நிரம்பிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். இதை ஒலியை நீட்டிச் சுருக்கிச் சரி செய்ய முடியாது. மற்ற மென்பொருள்களை மூடி, வைரஸ் சோதனையையும் இணையத்தையும் நிறுத்தி, வட்டில் தாராளமாக இடம் ஒதுக்கி மறுபடி பதிவிறக்க வேண்டும். டி.வி. எனப்படும் வடிவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் வேண்டும். அதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஒலியில் வரும் பிற குறைகள்

பேச்சு கீச்சுக்குரலாக, வேகமாகக் கேட்டால் 44.1 கிலோ ஹெர்ட்ஸில் பதிந்த ஒலி 48 என்று தவறாகக் குறிக்கப்பட்டு ஓடுகிறது. ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 55 நிமிடத்தில் முடிந்துவிடும். குறியை மட்டும் மாற்றாமல் ஒலியை முறைப்படி 48க்கு மாற்றினால் சரியாகும்.

ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டும் பேச்சு வந்தால், அந்த நாளில் ஒரே மைக்கில் பதிந்தது ஒரு பக்கத்துக்கு மட்டும் போயிருக்கிறது. அதையே மறுபக்கத்துக்கும் நகல் எடுத்தால் போதும். நாதஸ்வரம் கரகரவென்று உடைந்து கேட்டால் பதிவிறக்கத்தின்போது ஒலி அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். உடைந்த ஒலியை ஒட்ட வைக்க இயலாது, அளவைக் குறைத்து மறுபடி எடுக்க வேண்டும். ஹை-ஃபை வகை வி.சி.ஆரில் விட்டுவிட்டு உறுமல் கேட்டால், ஒலியைச் சாதாரணத் தடத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரைச்சல் சற்றுக் கூடினாலும் பேச்சு அறுபடாது.

படத்தில் வரும் குறைகள்

படம் நிறமின்றியோ உருண்டுகொண்டோ வந்தால் பால், என்.டி.எஸ்.சி. முறைகள் மாறியிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வந்த கேசட் என்றால் இதை முதலில் பாருங்கள். அப்படிப்பட்ட கேசட்டை என்.டி.எஸ்.சி. டிஸ்க்காகவே எழுதுவது நல்லது. நம் நாட்டில் விற்ற டி.வி.டி. கருவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும்.

ஆள் நடக்கும்போது மட்டும் படம் முன்னும் பின்னும் துடித்தால் வரி வரிசை மாறிவிட்டது. பழைய முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் ஒருமுறை என இரு பாதிகளாக வரும். எது முதலில் என்பதை மென்பொருளில் தவறாகக் குறித்தால் துடிப்பு வரும். குறிப்பை மாற்றி மறுபடி மாற்றம் செய்தால் போய்விடும். கணினித் திரையில் மட்டும் சீப்புப் பல் போல் கோடுகள் தெரிந்தால் அது கோளாறே அல்ல. டி.வி.டி.க்காக அதை அழிக்க முற்படாதீர்கள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் குண்டாகத் தெரிந்தால் 4க்கு 3 என்ற பழைய படத்தை 16க்கு 9 என்று குறித்துவிட்டார்கள். படத்தின் அடியில் மெல்லிய கிழிசல் கோடு இருந்தால் அது வி.எச்.எஸ். முறையிலேயே உள்ளது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரம் அதை மறைத்து வைத்திருந்தது.

ஒரு டிஸ்க்கில் எவ்வளவு?

சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. கணினி அதைச் சுமார் 4.37 என்று காட்டும். ஆயிரத்தால் வகுப்பதற்கும் 1024ஆல் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது, சரக்கு குறையவில்லை. இரண்டு மணி நேரப் படம் என்றால் படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு 5 மெகாபிட் கொடுக்கலாம். மூன்று மணி நேரத்தை அதில் திணித்தால் 3.4தான் கிடைக்கும், மாலையும் முகமும் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு டிஸ்க்கில் போடுவது மேல். ஒன்றில்தான் வேண்டுமென்றால் 352க்கு 576 என்ற பட அளவைக் கேளுங்கள். அதுவும் டி.வி.டி. விதிக்கு உட்பட்டதே. வி.எச்.எஸ். படத்துக்கு அது போதும். படம் குறைவாக இருந்தாலும் 8 மெகாபிட்டுக்கு மேல் போக வேண்டாம். வீட்டில் எழுதிய டிஸ்க்கைப் பழைய கருவிகள் அந்த வேகத்தில் படிக்கத் திணறும்.

டிஸ்க் ஓடவில்லையென்றால்

எம்.பி.4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் எழுதினால் அது டி.வி.டி. படம் ஆகாது. உள்ளே 'வீடியோ டி.எஸ்.' என்ற உறை இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கை எழுதிய பின் 'ஃபைனலைஸ்' எனும் முடிப்பு வேலையைச் செய்யாவிட்டால் எழுதிய கருவியில் மட்டும் ஓடும், வேறு வீட்டில் ஓடாது. எழுதும் வேகத்தைக் குறைத்து வைப்பதும் நல்லது. அமெரிக்காவிலுள்ள பிள்ளைக்கு அனுப்புவதானால், அங்குள்ள பல கருவிகள் பால் டிஸ்க்கை ஓட்டா என்பதை நினைவில் வையுங்கள். கணினியில் வி.எல்.சி. மென்பொருளைக் கொண்டு பார்க்கச் சொல்லலாம்.

கைபேசியில் எடுத்த படத்தை டி.வி.டி. ஆக்கும்போதும் பேச்சு விலகுவதுண்டு. வெளிச்சம் குறைந்தால் கைபேசி நொடிக்கு எடுக்கும் படங்களைத் தானே குறைத்துக்கொள்ளும். அதை முதலில் ஒரே சீரான எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டுப் பிறகு டி.வி.டி. ஆக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

வீடியோ கடையில் கொடுப்பவர்கள் நான்கு செய்திகளை மறக்க வேண்டாம். ஒன்று, கேசட்டில் வெள்ளைப் பூசணம் இருந்தால் முன்னரே சொல்லுங்கள். துடைக்காமல் ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியின் முனையும் கெடும். இரண்டு, டிஸ்க்கை அங்கேயே தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று, பதிவிறக்கிய மூலக் கோப்பையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். பின்னால் எந்தக் குறை தெரிந்தாலும் கேசட்டை மறுபடி ஓட்டாமல் திருத்த அதுவே கைகொடுக்கும். நான்கு, கேசட்டைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள். தேய்ந்தாலும் அதுதான் மூலப் பத்திரம்.

டிஸ்க்கும் நிலையானதல்ல. எழுதும் டி.வி.டி.யில் உள்ள சாயப் படலம் வெயிலிலும் வெப்பத்திலும் கெடும். மேலே காகிதம் ஒட்டாமல், மென்முனைப் பேனாவால் மட்டும் பெயரும் தேதியும் எழுதி, உறையில் நிறுத்தி வையுங்கள். டிஸ்க் ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதி இருப்பது பாதுகாப்பு. பேரேட்டுக்கு நகல் வைக்கும் நமக்கு இது புதிதல்ல.

கேசட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆயுள் குறைந்துகொண்டே போகிறது. ஓட்டும் கருவியும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். வருகிற விடுமுறை நாளிலேயே பீரோவைத் திறந்து, எத்தனை கேசட், எந்த ஆண்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மறைந்த பெரியவர்கள் பேசியிருக்கும் கேசட்டை முதலில் மாற்றுங்கள். மற்றவை பிறகு ஆகட்டும்.