நீரில் நின்று கோலைக் காத்தவர்



உதைபந்தாட்டத்திலே கோலைக் காப்பவரின் பணி இன்னதென்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவருடைய காலின்கீழ் நிலம் இருக்கின்றது. அந்நிலத்தை உதைத்தே அவர் எழுகின்றார், பாய்கின்றார். காலின்கீழ் நிலமே இல்லாதவிடத்து அப்பணியை எங்ஙனம் ஆற்றுவது? இவ்வினாவுக்கு விடை தருபவர் நீர்ப்பந்தாட்டத்தின் கோல் காப்பாளர்.

வாட்டர் போலோ என்று வழங்கும் இவ்வாட்டம் நீச்சல் தடாகத்திலே நடைபெறுவது. ஓரணிக்கு எழுவர்; அவருள் ஒருவர் கோல் காப்பாளர். அவரை இனங்காட்டுவது தலையில் அணிந்த சிவப்புத் தொப்பி. கோலின் அகலம் 3 மீற்றர். நீர்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் 90 சென்ரிமீற்றர். ஏனையோர் ஒரு கையாலேயே பந்தைப் பிடிக்கலாம், எறியலாம். தம் கோலை அண்டிய எல்லைக்குள் இரு கைகளையும் ஒருங்கே பயன்படுத்தும் உரிமை கோல் காப்பாளர் ஒருவருக்கே உண்டு. எனினும், பெரும் போட்டிகள் நடைபெறும் தடாகங்கள் ஏறத்தாழ 2 மீற்றர் ஆழமுடையவை. ஆதலின் எவருக்கும் கால் ஊன்ற இடமில்லை.

பின் அவர் எவ்வாறு நிற்கின்றார்? முட்டை அடிக்கும் கருவியின் இரு கம்பிகளும் எதிரெதிராகச் சுழல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப்போன்று இரு கால்களையும் மாறிமாறி வட்டமாகச் சுழற்றியே அவர் மிதந்து நிற்கின்றார். எட்டு நிமிடங்கொண்ட நான்கு பகுதிகளிலும் இச்சுழற்சி ஓய்தல் கூடாது. பந்து வரும் கணத்திலே கால்களின் வேகத்தைக் கூட்டி, இடுப்பு வெளித்தோன்றுமளவுக்கு உடலை உயர்த்திக் கைகளை விரிக்க வேண்டும். தண்ட எறியோ 5 மீற்றர் தொலைவிலிருந்து வருவது. அரை விநாடி கழியுமுன் அது கோலை அடைந்துவிடும். பந்தைத் தடுப்பவை கைகளே. அக்கைகளை அவ்விடத்துக்குக் கொண்டு சேர்ப்பவை கால்கள்.

இக்கலையிலே நம் காலத்தில் சிறந்து விளங்குபவர்களுள் ஒருவர் அமெரிக்கரான அஷ்லி ஜோன்சன் என்னும் பெண்மணி. இவர் 1994ஆம் ஆண்டிலே புளோரிடா மாநிலத்து மியாமி நகரிற் பிறந்தவர். தாயார் ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறியவர்; தாதியாகத் தொழில் புரிந்தவர். ஐந்து பிள்ளைகளையும் தனித்து நின்று வளர்த்த அவர், வீட்டின் பின்புறத்தே தடாகம் இருந்தமையால் அவர்களுக்கு ஏதும் நேர்ந்துவிடலாகாதே என்று நீந்தக் கற்பித்தார். புகழை நாடியன்று, உயிரைக் காக்கும்பொருட்டே அக்கல்வி தொடங்கியது.

இதன் பெறுமதியை உணர வேண்டுமாயின் அந்நாட்டின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். கறுப்பின மக்களுக்கு நீர்நிலைகள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. 1945ஆம் ஆண்டு மே மாதத்திலே, வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த மியாமிக் கடற்கரையொன்றிலே கறுப்பினத்தவர் சிலர் துணிந்து இறங்கி நீராடினர். அதன் விளைவாக அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வேர்ஜினியா கீ என்னுமிடத்தில் அவர்களுக்கெனத் தனிக் கரையொன்று திறக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டிலே, அதே மாநிலத்து சென்ற் ஒகஸ்ரின் நகர விடுதியொன்றின் தடாகத்திற் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாய் இறங்கி அறப்போர் புரிந்தபோது, விடுதியின் முகாமையாளர் அந்நீரிலே அமிலத்தை ஊற்றினார். தடாகம் மறுக்கப்பட்ட தலைமுறை தன் பிள்ளைகளுக்கு நீச்சலை எங்ஙனம் கற்பித்தல் கூடும்? தடை நீங்கிய பின்னரும் அதன் நிழல் நீங்கவில்லை.

அஷ்லி பள்ளிப் பருவத்திலே நீர்ப்பந்தாட்டத்தைக் கற்றார். அமெரிக்க அணியினர் பெரும்பாலும் கலிபோர்னியாவிலிருந்தே வருபவர்கள். இவரோ கீழ்க்கரையிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து உளவியல் பயின்றார்; ஒலிம்பிக் பயிற்சிக்காகப் படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்து, பின்னர் 2017இற் பட்டம் பெற்றார்.

ஆடவரின் நீர்ப்பந்தாட்டம் 1900ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றது. மகளிருக்கு அவ்வாயில் திறந்தது 2000ஆம் ஆண்டிற்றான். 2016இல் ரியோ நகருக்குச் சென்ற அஷ்லி, அமெரிக்க ஒலிம்பிக் நீர்ப்பந்தாட்ட அணியில் இடம்பெற்ற முதலாவது கறுப்பினப் பெண்மணியானார். அங்கு 51 எறிகளை அவர் தடுத்தார். இறுதியாட்டத்தில் இத்தாலியை 12க்கு 5 என வென்று அவரது அணி தங்கம் பெற்றது. அதே விழாவிலே சிமோன் மனுவல் நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதலாவது அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணாகத் திகழ்ந்தமையும் நினைவுகூரத்தக்கது.

2021இல் நடைபெற்ற தோக்கியோ விழாவிலே அமெரிக்க அணி முதற்சுற்றில் ஹங்கேரியிடம் 10க்கு 9 எனத் தோற்றது. ஆயினும் அவ்வணி தளரவில்லை. இறுதியில் ஸ்பெயினை 14க்கு 5 என வென்று மீண்டும் தங்கம் பெற்றது. அவ்விழாவில் அஷ்லி தடுத்த எறிகள் 80.

வெற்றி எப்பொழுதும் ஒருவரிடத்தே தங்குவதில்லை. 2024இல் பாரிஸ் நகரிலே அமெரிக்க அணி அரையிறுதியில் அவுஸ்திரேலியாவிடம் தண்ட எறிகளால் தோற்றது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்திலும் நெதர்லாந்திடம் ஒரே கோலால் பின்தங்கியது. பதக்கம் கிட்டவில்லை. கோல் காப்பவரின் நிலை இதுதான்: பத்துப் பந்துகளைத் தடுத்தாலும், புகுந்த ஒரு பந்தே பலர் நினைவில் நிற்கும்.

ஆனால் இவரது ஆட்டவாழ்வை அளக்கும் கோல் பதக்கம் மட்டுமன்று. நீர் நமக்குரியதன்று என்று எண்ணி வளர்ந்த சிறுமியர் பலர், சிவப்புத் தொப்பியணிந்து கோலின்முன் நின்ற தம்மினத்தவர் ஒருவரைக் கண்டார்கள். நீச்சல் எல்லோருக்கும் உரிய கல்வி என்பதை அஷ்லியும் பலவிடத்தும் வற்புறுத்தி வருகின்றார். தம் பிள்ளைகள் நீரில் மூழ்கிவிடக்கூடாதே என்று ஒரு தாய் கொண்ட கவலையின் பயன் அத்துணைத் தூரம் சென்று சேர்ந்திருக்கின்றது.