தெரியுமா? கதைப்புத்தகமும் கரண்டியும் கூட்டுச் சேர்ந்தால் நடக்கும் அதிசயங்கள்!

மடியில் ஒரு படக்கதைப் புத்தகம், பக்கத்தில் ஒரு கிண்ணம் மாவு. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இந்த இரண்டும் போதும். பேச்சும் வளரும், நாக்கும் பழகும்! நம்ப முடியவில்லையா? ஒவ்வொன்றாகப் படியுங்கள்!

கருவிலேயே கதையும் ருசியும்!

அபிமன்யு கருவில் கதை கேட்டான் என்பது பாரதம். 1986-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் இதைச் செய்தே பார்த்தார்கள், தெரியுமா? டாக்டர் சூஸின் ‘தி கேட் இன் த ஹேட்’ போன்ற குழந்தைக் கதைகளைக் கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரமும் தினமும் சத்தமாக வாசித்தார்கள். பிறந்த சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பு; சப்பும் விதத்தைப் பொறுத்துப் பழைய கதையோ புதுக் கதையோ காதில் ஒலிக்கும். பழகிய கதை கேட்கும்படி சிசுக்கள் சப்புவதையே மாற்றிக்கொண்டன!

ருசியும் அப்படித்தான்! 2001-ல் வெளிவந்த பிலடெல்பியா மொனெல் மையத்தின் ஆய்வில், கர்ப்ப காலத்தில் கேரட் ஜூஸ் குடித்த தாய்மாரின் குழந்தைகள், வெறும் கூழைவிடக் கேரட் கலந்த கூழுக்குக் குறைவாகத்தான் முகம் சுளித்தன; மற்றக் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை!

வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்!

சிறு கை அளாவிய கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்கிறது 64-வது குறள். உணவில் கைவிட்டு, வாயில் போட்டு, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை புறநானூற்றின் 188-வது பாட்டில் வருகிறது. எழுதியவர் யார் தெரியுமா? பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசர்! அப்படிப்பட்ட பிள்ளை இல்லாத வாழ்வு வீண் என்பது அவர் தீர்ப்பு. தரை அழுக்காகிறதே என்று கவலைப்படும் அம்மாக்களே, அப்பாக்களே, கேட்டீர்களா?

முதல் கதையே சமையல் கதை!

பாட்டி வடை சுட்ட கதை கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? அடுத்த முறை கதையைச் சொல்லிவிட்டு மாவைக் கையில் கொடுங்கள். வாழையிலையில் தட்டி நடுவில் விரலால் ஓட்டை போடட்டும். எண்ணெயில் போடும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. ஓட்டை எதற்குத் தெரியுமா? எண்ணெயின் சூடு நடுவிலும் பட்டு வடை உள்வரை வேகத்தான்!

படத்தில் பார்த்த காய் தட்டில் வந்தால்…

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காயைப் பற்றிய படப்புத்தகத்தைப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். தினமும் சில நிமிஷம், இரண்டு வாரம், பிள்ளையோடு சேர்ந்து புரட்டவேண்டும். அவ்வளவுதான்! அந்தக் காயைப் பிள்ளைகள் முன்னைவிட விரும்பிச் சாப்பிட்டார்கள்!

சமைக்கவும் விட்டால்? 2014-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில் 6 முதல் 10 வயதுவரையுள்ள 47 பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். சமையலில் கைகொடுத்தவர்கள், கைகொடுக்காதவர்களைவிட 76 சதவீதம் அதிகமாகச் சாலட் சாப்பிட்டார்கள்!

காகிதத்தில் ஓட்டை, பிறந்தது புழு!

படப்புத்தகக் கலைஞர் எரிக் கார்ல் ஒருநாள் காகிதக் கட்டில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டபோது புத்தகப் புழு ஒன்றின் நினைப்பு வந்தது. பதிப்பாசிரியர் ஆன் பெனெடுஸ் அதைக் கம்பளிப்புழுவாக்கச் சொன்னார். 1969-ல் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ பிறந்தது! ஓட்டை போட்ட பக்கங்களை அமெரிக்காவில் கட்டுப்படியாகும் செலவில் அச்சடிக்க முடியாமல் ஜப்பானில் அச்சடித்தார்கள். பசித்த புழு திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் தின்கிறது என்று வெள்ளிவரை போகிறது கணக்கு. நீங்களும் நறுக்கிய பழங்களை இதே கணக்கில் தட்டில் வையுங்கள். எண்ணும் கிழமையும் தானே மனப்பாடமாகும்!

காட்டுக்குள் கேக் சுட்ட எலிகள்!

ஜப்பானின் ‘குரி தோ குரா’ படக்கதை 1963-ல் ஒரு சிறுவர் மாத இதழில் வந்தது. எழுதியவர் ரியேகோ நகாகவா, ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை. படம் வரைந்தவர் அவர் தங்கை யூரிகோ! இரண்டு வயல் எலிகளுக்குக் காட்டில் ஒரு ராட்சச முட்டை கிடைக்கிறது. தூக்க முடியவில்லை! அதனால் அடுப்புக்கு வேண்டியதையும் வாணலியையும் காட்டுக்கே கொண்டுவந்து கேக் சுடுகிறார்கள். வாசனை பிடித்து வந்த மிருகங்களுக்கெல்லாம் பங்கு! மிச்சமான முட்டை ஓடு? அதையும் வண்டியாக்கி ஓட்டிப் போகிறார்கள்!

எழுத்துத் தெரியாமலே சமையல் குறிப்பு படிக்கலாம்!

மோலி கேட்சன், ஆன் ஹெண்டர்சன் இருவரும் 1994-ல் கொண்டுவந்த ‘பிரிடெண்ட் சூப்’ புத்தகத்தில் ஒவ்வொரு படியும் படமாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் அதைப் பார்த்துச் செய்யலாம்! எலுமிச்சை ஜூஸ் செய்முறையை நான்கே படமாக நீங்கள் வரைந்து ஒட்டுங்கள், பிள்ளை ‘படிக்கும்’ வேகத்தைப் பார்ப்பீர்கள்!

மந்திரம் எல்லாம் அஞ்சறைப் பெட்டியில்!

மஞ்சள் கரைத்த தண்ணீரில் சமையல் சோடா போடுங்கள்: செக்கச் சிவப்பு! ஆரத்தித் தட்டின் ரகசியமே இதுதான். அங்கே சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு விடுங்கள்: திரும்ப மஞ்சள்! பூரி ஏன் உப்புகிறது? மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி உள்ளிருந்து தள்ளுகிறது. இட்லி மாவு ஏன் பொங்குகிறது? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் விடும் வாயுவால்! ராத்திரி பாத்திரத்தில் மாவின் மட்டத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். காலையில் பிள்ளை உங்களுக்கு முன்பே எழுந்துவிடும்!

நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்!

‘இது என்ன? அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்டுக்கேட்டு வாசித்தால், ‘ம்’ கொட்டிய பிள்ளை தானே பேசத் தொடங்கும். 1988-ல் வெளிவந்த வைட்ஹர்ஸ்ட் குழுவின் ஆய்வில், இப்படி ஒரே மாதம் வாசித்ததில் பிள்ளைகளின் பேச்சுத்திறன் மற்றப் பிள்ளைகளைவிடப் பல மாதம் முந்தியது! இதே கேள்விகளைக் கீரை ஆயும்போதும் கேட்கலாமே!

இதை மறக்காதீர்கள்!

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. சின்னப் பிள்ளைக்கு முழு வேர்க்கடலை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கியே கொடுங்கள். வாணலிப் பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

புத்தகத்துக்குச் செலவாகுமே என்கிறீர்களா? பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்! இன்று ராத்திரியே ஒரு கதை வாசியுங்கள். நாளைக்கு அதில் வரும் ஒரு பண்டத்தைப் பிள்ளையின் கையால் செய்யவிடுங்கள், பெண்ணானாலும் பையனானாலும்! சிந்திய மாவைத் துடைத்துக்கொள்ளலாம். அடுப்படியிலிருந்து பிள்ளையை மட்டும் விரட்டாதீர்கள்!