தோட்டா உறை மறுவடிவாக்கம்

தோட்டா உறை மறுவடிவாக்கம் என்பது எளிதில் கிடைக்கும் ஒரு தோட்டாவின் வெற்றுப் பித்தளை உறையை, வழக்கொழிந்த வேறொரு தோட்டாவின் அளவுக்கு மாற்றியமைக்கும் முறை ஆகும். பழைய போர்த் துப்பாக்கிகள் பல இன்றும் நல்ல நிலையில் உள்ளன. ஆனால் அவற்றுக்குரிய தோட்டாக்கள் அரிதாகிவிட்டன. எனவே துப்பாக்கி சேகரிப்போர் இம்முறையைக் கையாளுகின்றனர்.

உறையின் பணி

குண்டு, வெடிமருந்து, எரியூட்டி ஆகிய மூன்றையும் தாங்கி நிற்பது உறை ஆகும். சுடும்போது உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சூடான வளிமம் பின்னோக்கிக் கசியாமல் தடுக்கின்றது. பின்னர் சற்றே சுருங்குவதால் அதனை எளிதில் வெளியே எடுக்க முடிகின்றது. ஏறத்தாழ 70% செப்பும் 30% துத்தநாகமும் கலந்த பித்தளை இதற்கு ஏற்றது.

எடுத்துக்காட்டு

சப்பானியப் படை 1939 இல் ஏற்றுக்கொண்ட 99 ஆம் வகை அரிசாகா துப்பாக்கி 7.7 மில்லிமீட்டர் தோட்டாவைப் பயன்படுத்தியது. 1945 இல் போர் முடிந்தபின் இத்துப்பாக்கிகள் பலவற்றை அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாகத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அங்கு 7.7 தோட்டா கிடைப்பது அரிதாக இருந்தது. அமெரிக்கப் படையின் 1906 ஆம் ஆண்டுத் தோட்டாவான .30-06 இன் உறை அடிப்பகுதியில் ஏறக்குறைய அதே விட்டம் கொண்டது. ஆனால் நீளம் 63 மில்லிமீட்டர். அரிசாகா உறையின் நீளமோ 58 மில்லிமீட்டர் மட்டுமே.

செய்முறை

உறையின் தடித்த அடிப்பகுதியை மாற்ற இயலாது. ஆகவே அடிப்பகுதி பொருந்தும் உறையே முதலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. அதற்கு மசகிட்டு, எஃகு அச்சினுள் அழுத்தும்போது தோள்பகுதி கீழிறங்குகின்றது. பின்னர் மிகுதியான நீளம் வெட்டப்பட்டு, வாய் விளிம்பு மழமழப்பாக்கப்படுகின்றது. பழைய உறையின் உடற்பகுதியில் சிறிதளவு புதிய கழுத்தாக மாறுவதால் கழுத்து தடித்துவிடக்கூடும். அவ்வாறாயின் அது கடைந்து மெல்லியதாக்கப்படும்.

குளிர்நிலையில் வளைக்கப்படும் பித்தளை கடினமாகி, உள்ளே தகைவைத் தேக்கிக்கொள்கின்றது. கழுத்தை மட்டும் சூடாக்கி ஆறவிடுவதன் மூலம் அது மீண்டும் இளக்கப்படுகின்றது. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை இலாயங்களில் வைக்கப்பட்ட தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்புற்றன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் உலோகத்தில் எஞ்சிய தகைவும் சேர்ந்தே இதற்குக் காரணம் என்பது 1921 இல் விளக்கப்பட்டது. உறைகளைச் சூடாக்கி இளக்கியதால் இக்குறை நீங்கியது.

இடர்கள்

* அடிப்பகுதி சூடேறி இளகினால், சுடும்போது அது கிழிந்து வளிமம் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும்.
* கழுத்து தடித்திருந்தால் குண்டு எளிதில் விடுபடாமல் அழுத்தம் அளவுகடந்து உயரும்.
* தோள்பகுதி தேவைக்கு மேல் இறக்கப்பட்டால், உறை நீண்டு அடிப்பகுதிக்கு அருகே இரண்டாகப் பிரியலாம்.
* உறையின் அடியில் பழைய தோட்டாவின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். தனியே அடையாளமிட்டு வைக்காவிடில், தவறான துப்பாக்கியில் இட்டுச் சுடும் ஆபத்து உண்டு.