இணையப் பக்கம் சமைக்கும் கல்வி

1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மொழிவழியே திருத்தியமைக்கப்பெற்றபோது, அதுகாறும் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த கொள்ளேகாலம் வட்டம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. அன்று அவ்வட்டத்தில் இருந்த ஊர்களுள் ஒன்று கௌதள்ளி. மாதேசுவர மலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அனூருக்கு அப்பால் உள்ளது. நெடுங்காலம் மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997 இல் பிரிந்த சாம்ராஜநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. அவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் தம் வீட்டை விட்டு ஓரடியும் பெயராமலே வேற்று மாநிலத்தார் ஆயின. மும்பையிலும் தில்லியிலும் பிழைப்பை நாடிக் குடியேறிய நம்மவர் நிலையும் ஒரு வகையில் இதுவே. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் மாநில மொழி பயில்கின்றனர். தொழிற்கல்விக்கு ஆங்கிலத்தின் வாயிலில் சென்று நிற்கின்றனர்.

இத்தகைய பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேறியதும், "இணையப் பக்கம் அமைக்கவும் நிரல் எழுதவும் கற்க வேண்டும்" என்று கூறுவது இன்று பல வீடுகளில் கேட்கும் பேச்சாகி விட்டது. பெற்றோர்க்கோ அக்கல்வி எத்தன்மைத்து என்பது விளங்குவதில்லை. படம் வரையும் தொழிலா, கணக்கா, தட்டெழுத்தா என்று ஐயுறுகின்றனர். அதனை ஒருவாறு விளக்குவதே நம் நோக்கம்.

முதலில் வழிகளைச் சொல்லி விடுவோம். கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியோர் பாலிடெக்னிக் கல்லூரியில் சேர்ந்து கணிப்பொறி அறிவியலும் பொறியியலும் என்னும் பிரிவில் மூன்றாண்டு, அஃதாவது ஆறு பருவம், பயின்று பட்டயம் பெறலாம். பட்டயம் பெற்றோர் கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் டி.சி.இ.டி. என்னும் நுழைவுத் தேர்வை எழுதிப் பொறியியற் பட்ட வகுப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் வழியுண்டு. விரைவில் வேலைக்குச் செல்ல வேண்டிய நிலையில் உள்ளோர்க்கு ஐ.டி.ஐ. நிலையங்களில் ஓராண்டுப் பயிற்சி உண்டு. கணிப்பொறியை இயக்குவதும் நிரலாக்கத்துக்கு உதவுவதும் அதன் பொருள். கோபா என்று அதனைச் சுருக்கி வழங்குவர். 2020-21 கல்வியாண்டில் கர்நாடகப் பாலிடெக்னிக்குகளில் புகுத்தப்பெற்ற பாடத்திட்டம், ஐந்தாம் பருவத்தில் மாணவர் ஒரு தனித்துறையைத் தேர்ந்து பயில இடந்தந்தது. இணையச் செயலியை முன்புறமும் பின்புறமும் முழுமையாக அமைக்கும் பயிற்சி அத்துறைகளுள் ஒன்று.

முன்புறம், பின்புறம் என்பன யாவை? ஓர் எடுத்துக்காட்டால் நோக்குவோம். மாதேசுவர மலைக்குக் கன்னடரும் தமிழரும் திரளாகச் செல்கின்றனர். சிவராத்திரி, தீபாவளி நாள்களில் கூட்டம் மிகும். கௌதள்ளியில் நிற்கும் பயணி ஒருவர் அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தம் கைப்பேசியில் பார்க்கத்தக்க ஒரு பக்கத்தை நம் மாணவர் அமைக்கப் புகுகிறார் என்று கொள்வோம்.

அவர் முதலிற் கையாள்வது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று உரையின் பகுதிகளுக்கு அடையாளம் இடுவதே அதன் பணி. இப்பகுதி தமிழ், இப்பகுதி கன்னடம் என்றும் அதிற் குறிக்கலாம். இக்குறிப்புக் கண்ணுக்குப் புலனாகாதாகையால் பலர் இடாமலே விட்டு விடுகின்றனர். ஆயின் பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள், எந்த மொழிக் குரலில் ஒலிப்பது என்பதை இக்குறிப்பைக் கொண்டே துணிகிறது. மைசூரு நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஜே.எஸ்.எஸ். பாலிடெக்னிக் ஒன்று நடைபெற்று வருகிறது என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். பக்கத்தை அமைப்போர், படிப்போர் ஆகிய இரு சாராருள்ளும் அத்தகையோர் உளர்.

அடுத்தது சி.எஸ்.எஸ். நிறம், எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே விடும் வெளி ஆகியவற்றை அது வகுக்கும். ஆங்கிலத்துக்கென்று வரைந்த பொத்தானில் தமிழ்ச் சொல் பல நேரங்களில் அடங்குவதில்லை. நம் சொற்கள் நீண்டவை. வரிகளை நெருக்கினால் மேல் விலங்கும் கீழ் விலங்கும் ஒன்றோடொன்று மோதும். மூன்றாவதாக ஜாவாஸ்கிரிப்ட். 1995 இல் தோன்றிய இந்நிரல்மொழி, பயணி பார்க்கும் மணியை அறிந்து, போன பேருந்துகளை நீக்கி, வரும் பேருந்தை மட்டும் காட்டும். இம்மூன்றும் பயணியின் கைப்பேசியிலேயே இயங்குவதால் முன்புறம் எனப்பெறும். பேருந்து நேரங்களைச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளமும், கேட்டபோது எடுத்தனுப்பும் நிரலும் தொலைவில் வேறொரு கணிப்பொறியில் உள்ளமையால் பின்புறம் ஆகும். தரவுத்தளத்தைத் திட்டமிடுதல் எளிதன்று. கௌதள்ளி என்னும் ஒரே ஊரை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகின்றனர். ஒரு விதமாகச் சேமித்து மறு விதமாகத் தேடினால், அப்படியோர் ஊரே இல்லை என்று பொறி விடை கூறும். ஊருக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, எழுதும் விதங்கள் அனைத்தையும் அவ்வெண்ணோடு இணைத்து வைப்பதே சரியான முறை.

இவை யாவற்றுக்கும் அடியில் எழுத்து என்பது கணிப்பொறிக்குள் எவ்வாறு இருக்கின்றது என்னும் கேள்வி உள்ளது. நம்மவர் பிள்ளைகளுக்கு இப்பகுதியே முதன்மையானது என்பது நம் கருத்து. ஆதலின் சற்று விரித்துரைப்போம்.

கணிப்பொறி எண்களை அன்றி வேறொன்றை அறியாது. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கும் பொதுத் தரம் யூனிகோட் என்பது. அதில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. கன்னடக் ககரத்தின் எண் 3221. இரண்டுக்கும் வேறுபாடு 256. தமிழ் ளகரத்துக்கும் கன்னட ளகரத்துக்கும் இடையே உள்ளதும் அதே 256. இகரக் குறிக்கும், ஔகாரக் குறிக்கும், மெய்யைக் காட்டும் குறிக்கும் அவ்வாறே. இது தற்செயலன்று. இந்திய எழுத்துமுறைகள் ஒரே வரிசை முறையைப் பின்பற்றுவதனால், இந்தியத் தரக்குறியீடாகிய இஸ்கி அவற்றை ஒத்த கட்டங்களில் அடுக்கிற்று. யூனிகோட் அவ்வடுக்கைத் தழுவிக்கொண்டது.

அங்ஙனமாயின் கன்னட எண்ணிலிருந்து 256 ஐக் கழித்தால் தமிழ் கிடைத்துவிடும் அன்றோ என்று கூர்மையுள்ள மாணவர் ஒருவர் எண்ணக் கூடும். எண்ணுவது நன்று, செய்து பார்ப்பது அதனினும் நன்று. கன்னடத்தில் எழுதிய கௌதள்ளி என்னும் பெயரை எடுத்து அவ்வாறே கழித்தால் ககரமும் ளகரமும் குறிகளும் ஒழுங்காக வந்து சேரும். நடுவே தகரம் நின்ற இடத்தில் மட்டும் ஒரு வெற்றுக் கட்டம் தோன்றும். காரணம் யாது? தமிழில் தகரம் ஒன்றே. இடத்துக்கேற்ப அதன் ஒலி மாறும். கன்னடத்திலோ தகர வருக்கத்தில் நான்கு எழுத்துகள் உள. கௌதள்ளியில் வருவது அவற்றுள் மூன்றாவது. அதன் எண் 3238. கழித்துக் கிடைக்கும் 2982 ஆம் கட்டம் தமிழில் காலியாக விடப்பட்டது. இரு மொழியின் ஒலியமைப்பையும் அறிந்தவரே அக்கட்டத்தைக் கண்டதும் காரணத்தை உணர்வர். கன்னடப் பள்ளியில் பயின்ற தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வறிவு சொல்லாமலே வாய்த்துள்ளது.

இன்னுமொன்று. கௌதள்ளி என்பதில் நம் கணக்கில் எழுத்து நான்கு: கௌ, த, ள், ளி. கன்னடத்தில் இரட்டை ளகரம் ஒன்றன் அடியில் மற்றொன்றாய் இணைந்து நிற்பதால் எழுதப்பெறும் வடிவம் மூன்றே. பொறியோ இரண்டையும் ஏழு என்றே எண்ணும். உயிர்க்குறிகளும் மெய்க்குறியும் அதற்குத் தனித்தனி உருப்படிகள். இதனால் விளையும் கோளாறு ஒன்றைக் காண்போம். ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பி, முன்பு இருந்தவாறே உள்ளதா என்று சோதிக்கும் நிரல் ஆய்வுக்கூடத்துத் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று. நாம் சிறுவயதில் விளையாட்டாகச் சொல்லி மகிழ்ந்த விகடகவி என்னும் சொல்லை அதற்குக் கொடுத்தால், இது அத்தகைய சொல்லன்று என்று அது விடையிறுக்கும். வகரமும் இகரக் குறியும் வேறு வேறாகக் கொள்ளப்பட்டு, திருப்பும்போது குறி முன்னும் வகரம் பின்னுமாக மாறிவிடுவதே காரணம். பெயரின் தலையெழுத்தை எடுக்குமாறு எழுதிய நிரல் பாண்டியன் என்பவர்க்குப் 'பா' என்று இடாமல் 'ப' என்று இடுவதும் இவ்வாறே. சான்றிதழிலும் பயணச்சீட்டிலும் இப்பிழை ஏறும்போது அது விளையாட்டாக இராது. எழுத்தின் எல்லையை அறிந்து பிரிக்கும் கருவிகள் இன்றைய நிரல்மொழிகளில் உள்ளன. வேண்டுவது அவற்றைத் தேடும் அறிவே.

இத்துறையில் தமிழின் கதையும் அறியத்தக்கது. பிரிட்டனைச் சேர்ந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989 இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் இணைய வலையைத் திட்டமிட்டார். 1993 ஏப்ரலில் அவ்வாய்வகம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இரண்டே ஆண்டில், 1995 இல், சிங்கப்பூரில் தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிற்று. அப்பணியில் முன்னின்றவர் நா. கோவிந்தசாமி, தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். பின்னர் இதழ் தோறும் ஒரு எழுத்துருவாகப் பெருகி, ஒன்றில் எழுதியதை மற்றொன்றிற் படிக்க இயலாத குழப்பம் நேர்ந்தது. 1999 இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு ஒரு பொது விசைப்பலகையையும் குறியீடுகளையும் வகுத்தது. 2010 இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஒரு மொழியாசிரியர் கணிப்பொறியைக் கற்றதனால் தொடங்கிய வேலை இது என்பதை, தமிழ் மட்டுமே அறிந்த தம் பிள்ளைக்கு இத்துறையில் இடமில்லை என்று அஞ்சும் பெற்றோர் கருத வேண்டும்.

ஆங்கிலம் பற்றிய அச்சம் பாதி உண்மை, பாதி மிகை. நிரல்மொழியின் சொற்கள் மிகச் சில. சி மொழியின் 1989 ஆம் ஆண்டுத் தரத்தில் ஒதுக்கப்பெற்ற சொற்கள் 32. பைத்தான் மொழியில் இன்று 35. இவற்றை ஒரு வாரத்தில் மனனம் செய்யலாம். உண்மையான இடர் பாடநூலிலும், பொறி பிழை சுட்டும் வாசகங்களிலும் உள்ள ஆங்கிலமே. முதற் பருவத்தில் தோல்வியுறும் மாணவருள் பலர் கணக்கறியாதவர் அல்லர். பிழை வாசகத்தைப் படிக்காமல் அஞ்சி அகன்றவர். வாசகம் தோன்றும்போதெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, எதிரே தமிழிலோ கன்னடத்திலோ பொருளெழுதி வரும் பழக்கம் சில மாதங்களில் பெரும்பயன் தரும்.

சில வாரங்களில் வல்லுநராக்குவோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்களை நாம் முற்றும் பழிக்கவில்லை. எனினும் அங்குப் பெரிதும் கற்பிக்கப்படுவது ஒரு மென்பொருளின் பொத்தான்களை அழுத்தும் வகையே; அம்மென்பொருள் வழக்கொழியும் நாளில் கற்றதும் ஒழியும். கேட்ட மாத்திரத்தில் நிரலெழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டனவே, இனிப் பயில்வதேன் என்று வினவுவோரும் உளர். அக்கருவி தந்த நிரலுக்கு விகடகவியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று தோன்றுவதற்கே கல்வி வேண்டியிருக்கிறது.

பயிற்சிக்கான செலவு பெரிதன்று. எழுதுவதற்கு ஓர் எளிய உரைத்தொகுப்பியும் பார்ப்பதற்கு ஓர் உலாவியும் போதும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பன. எந்தப் பக்கத்தின் மூலவரிகளையும் உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். பிறர் கட்டிய வீட்டின் சுவரைப் பெயர்த்துப் பார்க்க எவர் நம்மை அனுமதிப்பர்? இணையம் அனுமதிக்கிறது. வீட்டிற் கணிப்பொறி இல்லாத பிள்ளைகள், சேரும் முன் கல்லூரி ஆய்வுக்கூடம் வகுப்பு நேரத்துக்குப் பின்னும் திறந்திருக்குமா என்று கேட்டறிதல் நலம்.

வானொலிக்கு 1935 இல் ஆகாசவாணி என்று பெயர் சூட்டிய ஊர் மைசூரு. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் அங்கு இயங்குகிறது. இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி வளாகமும் அங்கேயே உள்ளது. மொழியறிவும் கணிப்பொறியறிவும் அருகருகே இருக்கும் அந்நகருக்குக் கௌதள்ளி வட்டாரத்துப் பிள்ளைகள் பேருந்திலேயே செல்லலாம்.

மற்ற மாநிலங்களில் உள்ள நேயர்க்கு ஒரு குறிப்பு. அரசு ஒதுக்கீட்டில் இடம் பெற, அம்மாநிலத்திலேயே குறிப்பிட்ட ஆண்டுகள் பயின்றமைக்குச் சான்று கேட்பதுண்டு. பட்டியற் சாதி, பழங்குடிச் சலுகை குடிபெயர்ந்த மாநிலத்தில் தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990 இல் தீர்ப்பளித்துள்ளது. ஆதலின் எந்த ஒதுக்கீட்டின் கீழ் விண்ணப்பிப்பது என்பதை முன்னரே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து, படிப்புச் சான்றுகளைப் பழைய பள்ளிகளிலிருந்து கோடை விடுமுறைக்கு முன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விடுமுறையில் தலைமையாசிரியரின் கையொப்பம் பெறுவது அரிது.