உங்களுக்குத் தெரியுமா? லூசிக்குப் பிறந்த ஊர் செய்த சீர்

★ அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை ராணி லூசில் பால் ஹாலிவுட் பக்கம் பிறந்தவர் அல்ல. 1911 ஆகஸ்ட் 6 அன்று, நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலேயே ஷடாக்வா ஏரிக்கரையில் இருக்கும் செலரான் என்ற சிற்றூரில். மேசை, நாற்காலி, கட்டில் செய்யும் தொழிற்சாலைகளால் பிழைத்த ஊர் ஜேம்ஸ்டவுன். மெக்கானிக்குகள் கையில் இன்றும் சுழலும் 'கிரசென்ட்' ஸ்பேனருக்குப் பெயர் தந்த கம்பெனியும் 1907இல் இங்கேதான் தொடங்கியது. மரவேலை நொடித்துப்போன பிறகு, ஊர் தன் மகளின் பெயரைப் பிடித்துக்கொண்டது.

★ லூசியின் புகழுக்கெல்லாம் ஆணிவேர் 'ஐ லவ் லூசி' தொடர். 1951 அக்டோபர் 15 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி, 1957 வரை 180 எபிசோடுகள் ஓடியது. நிஜக் கணவர் டெசி அர்னாஸ்தான் தொடரிலும் கணவர். கியூபாவில் பிறந்து, சொந்தமாக இசைக்குழு நடத்தியவர். ரசிகர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராக்களில் 35 எம்.எம். ஃபிலிமில் படம்பிடித்தார்கள். அதனால்தான் படம் பழுதாகாமல் தங்கி, இத்தனை காலம் மறுஒளிபரப்பாக ஓடுகிறது.

★ 1953 ஜனவரி 19 அன்று தொடரில் லூசிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதே நாளில் நிஜ லூசிக்கும் ஆண் குழந்தை! அந்த எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 4.4 கோடி பேர். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு, சுமார் 2.9 கோடிதான்.

★ இருவரும் தொடங்கிய 'டெசிலு' நிறுவனம்தான் 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' தொடர்களைத் தயாரித்தது. 1962இல் முன்னாள் கணவரின் பங்கையும் லூசியே விலைக்கு வாங்கி, ஸ்டுடியோவின் தலைமைப் பொறுப்பில் உட்கார்ந்தார்.

★ பெரிய ஆள் ஆனபிறகும் அவர் ஊரை மறக்கவில்லை. தொடரில் அவர் நடித்த லூசி ரிக்கார்டோவுக்கும் ஜேம்ஸ்டவுன்தான் பிறந்த ஊர். 1956 பிப்ரவரியில், தம்பதி சேர்ந்து நடித்த 'ஃபாரெவர், டார்லிங்' படத்தின் முதல் காட்சியை ஜேம்ஸ்டவுனில் நடத்தி, இருவரும் நேரில் வந்தார்கள்.

★ இத்தனைக்கும் அவர் குடும்பம் வீட்டைப் பறிகொடுத்ததும் இந்தப் பக்கத்தில்தான். 1927இல் தாத்தா தன் பேரனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். கொல்லைப்புறத்தில் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது குண்டு பக்கத்து வீட்டுச் சிறுவன் மேல் பாய்ந்து, அவனால் நடக்க முடியாமல் போயிற்று. வழக்கு நடந்தது, செலரான் வீடு கைவிட்டுப் போனது. அந்த வீடு இருக்கும் தெருவுக்கு இன்று 'லூசி லேன்' என்று பெயர்.

★ லூசி 1989 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். முதலில் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் இருவரும் அஸ்தியை ஜேம்ஸ்டவுனின் லேக் வியூ கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, தாய்வழிக் குடும்பத்தாரின் பக்கத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

★ ஊரில் லூசி பெயரில் நாடக அரங்கு உண்டு. 1996இல் தொடங்கிய லூசி–டெசி அருங்காட்சியகம் உண்டு. தொடரில் பார்த்த வீட்டுக்கூடத்தை அப்படியே செட் போட்டு வைத்திருக்கிறார்கள்.

★ 2011இல் லூசியின் நூற்றாண்டு. அதற்காக ஜேம்ஸ்டவுனில் 915 பேர் லூசி வேஷத்தில் ஒரே இடத்தில் கூடி, கின்னஸ் சாதனை படைத்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு முடி! லூசிக்கே அது சாயம் போட்ட நிறம்தான். இயற்கையில் அவர் முடி பழுப்பு.

★ செலரான் பூங்காவில் 2009இல் லூசிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒரு கையில் மருந்து பாட்டில், மறு கையில் கரண்டி. 1952 மே 5 எபிசோடில் வரும் 'வைட்டமீட்டாவெஜமின்' டானிக் அது. விளம்பரத்துக்காக லூசி ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடிப்பார். டானிக்கில் 23 சதவீதம் ஆல்கஹால் என்பது அவருக்குத் தெரியாது. போகப் போக நாக்கு குழறி, மருந்தின் பெயரே வாயில் நுழையாமல் போகும். காட்சி சரிதான், சிலையின் முகம்தான் சரியில்லை. பிதுங்கிய கண்ணும் இளித்த பல்லுமாக, கரண்டியை நீட்டி மிரட்டுவதுபோல் நின்றது. 2015இல் படம் உலகம் முழுக்கப் பரவி, 'பயமுறுத்தும் லூசி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

★ ஊர் புதுச் சிலைக்குப் போட்டி வைத்தது. 60க்கும் மேற்பட்ட சிற்பிகளில் கரோலின் பாமர் தேர்வானார். 2016 ஆகஸ்ட் 6, லூசியின் 105ஆவது பிறந்தநாளில் அழகிய லூசியைத் திறந்துவைத்தார்கள். பழைய சிலையை உருக்கிவிடவில்லை. அதே பூங்காவில் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்களே!

★ உச்சகட்டச் சீர், 2018 ஆகஸ்ட்டில் ஜேம்ஸ்டவுனில் திறந்த தேசிய நகைச்சுவை மையம். நுழையும்போதே கையில் ஒரு பட்டையை மாட்டிவிடுவார்கள். உங்களுக்கு எந்த ரகச் சிரிப்பு பிடிக்கும் என்பதை அது கவனித்துவைத்து, அதற்கேற்ற துணுக்குகளைக் காட்டும். நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் கண்ட கண்ட தாளில் கிறுக்கிவைத்த நகைச்சுவைக் குறிப்புகளும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. அடல்ட்ஸ் ஒன்லி நகைச்சுவைக்குக் கீழ்த்தளத்தில் தனி அறை. சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

★ 1991 முதல் லூசி பெயரில் நகைச்சுவை விழாவும் நடக்கிறது. இப்போது அது ஆகஸ்ட்டில், பிறந்தநாளை ஒட்டி. போவதாக இருந்தால் அந்த வாரம் பார்த்துப் போங்கள். புது காமெடியன்களின் மேடைச் சிரிப்பும் சேர்த்துக் கிடைக்கும்.